மயிலாத்தா எதுக்குச் சிரிச்சா

வா அம்மிணி, இப்பிடி வந்து படு. காலைத் தூக்கி எம்மேல போடக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். போர்வை ஆளுக்குப் பாதி. கதை வேணும்னா 'ம்' கொட்டோணும். உன் 'ம்' நின்னா எங்கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி. ஏரி மேட்டுல, ஊரு பள்ளத்துல. நடுவால ஒரு மண்ணுக்கரை. கரை நின்னா ஊரு நிக்கும், கரை போனா ஊரு மொத்தமும் போயிரும். இதை மட்டும் மனசுல வெச்சுக்க.

"ம்."

அந்த ஊர்ல ஒரு பண்டிதரு இருந்தாரு. வைத்தியம் பாக்கற பண்டிதரு இல்ல, மூஞ்சி பாக்கற பண்டிதரு. ஒருத்தரு மூஞ்சிய ஒருக்காப் பாத்தாருன்னா அவங்க கொணத்தைப் புட்டுப் புட்டு வெச்சுருவாராம். கண்ணைக் கீழ போட்டா கள்ளன். பேந்தப் பேந்த முழிச்சா பயந்தாங்கொள்ளி. மூக்கு வெடைச்சா முன்கோபி. பல்லு தெரியச் சிரிச்சா வெளையாட்டுப் புத்தி, அவங்க பேச்சை நம்பவே கூடாது. இப்பிடி எல்லாத்துக்கும் ஒண்ணு வெச்சிருந்தாரு. ஊருக்காரங்க பொண்ணு பாக்கப் போனாலும் அவரைக் கூட்டிட்டுப் போவாங்க, பண்ணையத்துக்கு ஆளு வெக்கறதுன்னாலும் அவரைத்தான் கேப்பாங்க.

எனக்கு இந்த மாதிரி ஆளுகளைக் கண்டாலே ஆகாது அம்மிணி. மூஞ்சியப் பாத்தாலே தெரியும்பாங்க. என்னத்தத் தெரியும்? உங்கம்மாளே என்னைய சிடுமூஞ்சிங்கறா. நான் பாட்டுக்கு ரசத்துக்கு உப்புப் போட்டமா இல்லையான்னு யோசிச்சிட்டு உக்காந்திருப்பேன், "ஏனக்கா கோவம்"னு வந்து கேப்பா. எம்மூஞ்சி சும்மா இருந்தா அப்பிடி இருக்குது, அதுக்கு நான் என்ன பண்ண?

"பெரியம்மா, கதை."

சரி, கதை. அப்போ அந்த ஏரிக்கரைக்குக் காவல் போடோணும்னு பேச்சு வந்துச்சு. பண்டிதரு ராக்கியண்ணன்னு ஒருத்தனைக் கூட்டியாந்து நிறுத்தினாரு. "இவன் கண்ணைப் பாருங்க, இமை கொட்டவே மாட்டேங்குது. இப்பிடிக் கண்ணு இருக்கறவன் பொறுப்பானவன், தூங்கவே மாட்டான்"னாரு. எல்லாரும் பாத்தாங்க. முட்டை முட்டையா ரெண்டு கண்ணு, அசையாம இருந்துச்சு. ஆமா ஆமான்னு காவலுக்கு வெச்சுட்டாங்க. ஆனா ராக்கியண்ணன் சமாச்சாரம் வேற. அவன் கண்ணைத் தொறந்துட்டே தூங்கறவன்.

"கண்ணைத் தொறந்துட்டா?"

ஆமா. கர்ர்ர், புர்ர்ர்னு கொறட்டை வரும், கண்ணு மட்டும் ஏரியப் பாத்துட்டே இருக்கும். தூரத்துல இருந்து பாக்கறவங்க, அடடா என்ன காவலுன்னு போயிருவாங்க.

அப்பறம், அந்த ஊருக்கு மயிலாத்தான்னு ஒரு புள்ளை வாக்கப்பட்டு வந்தா. நல்ல புள்ளை. கையி சுறுசுறுப்பு, மனசு பஞ்சு. ஆனா அவளுக்கு ஒண்ணு உண்டு. பயம் வந்தாச் சிரிப்பு வந்துரும். உனக்குப் பயம் வந்தா என்ன பண்ணுவ?

"அழுவேன்."

நீ அழுவ. உங்கப்பனுக்கு வேர்த்து ஊத்தும். மயிலாத்தாளுக்குச் சிரிப்பு. அடிவயித்துல இருந்து களுக்குனு ஒண்ணு கெளம்பும். வாயைப் பொத்துவா. பொத்தப் பொத்த கெக்கெக்கேன்னு வந்துரும். சின்னப்புள்ளைல அவங்க ஊட்டுக்குள்ள பாம்பு சரசரன்னு வந்துச்சு. எல்லாரும் குதிச்சு ஓடினாங்க, இவ நின்ன எடத்துலயே நின்னு சிரிச்சா. இவளுக்குப் பயமே இல்ல பாருன்னு சொந்தக்காரங்க பெருமைப்பட்டுட்டாங்க. அந்தப் புள்ளைக்குக் கால் ரெண்டும் மரத்துப் போயிருந்தது ஆருக்குத் தெரியும்?

"ம்."

வாக்கப்பட்டு வந்த புதுசுல, புருசன் சென்னியப்பனோட பெரியப்பா செத்துப் போனாரு. எழவு ஊட்டுல பொம்பளைக எல்லாம் வட்டம் கட்டி உக்காந்து அழுதுட்டிருந்தாங்க. இவ அதுவரைக்கும் பொணத்தைக் கிட்டத்துல பாத்ததில்ல. மூக்குல பஞ்சு, கட்டைவிரலைச் சேத்துக் கட்டியிருக்குது. அதைப் பாத்தா பாரு, களுக்குன்னுச்சு. அப்பறம் கெக்கெக்கே. அழுதுட்டிருந்தவங்க எல்லாம் அப்பிடியே நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க.

"ஐயோ."

ஐயோதான். அந்த வட்டத்துல நடுவால உக்காந்து ஒப்பாரி சொல்லிட்டிருந்தது ஆருங்கற? இவ மாமியா நல்லாயி. சுத்துவட்டாரத்துல எங்க எழவுன்னாலும் நல்லாயி வந்துதான் முதல் அடி எடுத்துக் குடுக்கோணும். அவங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்? தலையே தொங்கிப் போச்சு. பண்டிதரு வேற சும்மா இருக்காம, "பாத்தீங்களா பல்லை? எழவுலயே சிரிக்கறவ பேச்சை எதுலயும் நம்பாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைலிருந்து ஊருக்குள்ள அவளுக்குப் பேரு, எழவுல சிரிச்சவ.

அப்பறம் இந்த நல்லாயி மூஞ்சியையும் சொல்லோணும். வேப்பெண்ணெயக் குடிச்சுட்டு வந்த மாதிரி எப்பவும் கடுகடுன்னு இருக்கும். நோம்பிக்கும் அதே மூஞ்சிதான், எழவுக்கும் அதே மூஞ்சிதான். வாயத் தொறந்தா வசவு. ஆனா பாரு, வஞ்சுட்டேதான் கெட்டித் தயிரா எடுத்து மருமக வட்டல்ல ஊத்துவாங்க. "இதையாச்சும் ஒழுங்காத் தின்னுத் தொலை"ம்பாங்க. எத்தனையோ பேருக்கு அன்பு அப்பிடித்தான் வெளிய வரும், நேரா வந்தா நல்லா இருக்கும், என்ன பண்றது.

மாமியா வஞ்சா மருமகளுக்குப் பயம். பயம் வந்தா?

"சிரிப்பு."

சிரிச்சாளா, மாமியாளுக்கு என்னவாச் சொல்லு? "என்னையப் பாத்தா நக்கலா இருக்குதா உனக்கு"ன்னு இன்னும் சத்தம் போடுவாங்க. இவளுக்கு இன்னும் பயம், இன்னும் சிரிப்பு. அவங்களுக்கு இன்னும் கோவம். சென்னியப்பன் நடுவால எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவான். அந்த ஊட்டு மாடு ஏரித் தண்ணி முக்காவாசி குடிச்சிருக்கும் போ.

"ஹி ஹி."

சிரிச்சது போதும், கண்ணை மூடிட்டே கேளு. அந்த வருசம் ஐப்பசியில அடைமழை புடிச்சுச்சு. சோ சோன்னு ஊத்துது. ஏரி தளும்பத் தளும்ப நிக்குது. ஒரு நாள் பொழுது சாயறதுக்கு முன்னால மழை கொஞ்சம் வெறிச்சுச்சு. மயிலாத்தா மாட்டுக்குப் புல்லு அறுக்கக் கரைக்குப் பொறத்தால போனா. போனா, கால்ல சில்லுன்னு தண்ணி. என்னடான்னு குனிஞ்சு பாத்தா, கரையோட அடியில ஒரு நண்டு வளை. அதுக்குள்ள இருந்து குபுகுபுகுபுன்னு தண்ணி வருது.

"வந்தா என்ன?"

தெளிஞ்ச தண்ணி வந்தாக் கசிவுன்னு விட்டரலாம். கலங்கின தண்ணி வந்தா, கரை உள்ளுக்குள்ள கரைஞ்சுட்டிருக்குதுன்னு அர்த்தம். இது செக்கச்செவேல்னு வந்துச்சு அம்மிணி. அவ பாத்துட்டிருக்கறப்பவே அரிவாப்புடி தடிமன் இருந்த ஓட்டை அவ கை தடிமன் ஆயிருச்சு. பொதக்குனு ஒரு மண்ணுக்கட்டி உள்ளாற விழுந்துச்சு. அவ அரிவாளைப் போட்டுட்டு, சீலையத் தூக்கிச் செருகிட்டு, கெக்கெக்கே கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டே ஓடினா.

முதல்ல ராக்கியண்ணங்கிட்ட. காவக்காரன் அவன்தானே? "அண்ணா, கரை ஒடையுதுங்க"ன்னா. அவன் கண்ணைத் தொறந்து ஏரியப் பாத்துட்டே இருந்தான். "அண்ணா, கரைங்க, கரை." கர்ர்ர். தோளைப் புடிச்சு உலுக்கினா. திடுக்குனு முழிச்சவன் கண்ணுக்கு முன்னால அவ பல்லுதான் தெரிஞ்சுது. "காவல் காக்கறவனை வந்து கேலி பண்றயா? உம்பட வெளையாட்டை உங்கூட்டுல வெச்சுக்க"ன்னு தொரத்திட்டான்.

அப்பறம் பண்டிதருகிட்ட ஓடினா. அவரு கோயில் மண்டபத்துல நனையாம உக்காந்திருந்தாரு. "சாமி, கரையில ஓட்டைங்க, கலங்கித் தண்ணி வருதுங்க"ங்கறா. பேச்சுப் பாதி, சிரிப்புப் பாதி. அவரு தலையச் சாச்சு அவ மூஞ்சிய நிதானமாப் பாத்தாரு. வாயைப் பாத்தாரு, பல்லைப் பாத்தாரு, கன்னத்துக் குழியப் பாத்தாரு. "நெசம் பேசறவங்க மூஞ்சி இப்பிடி இருக்காது அம்மிணி. ஊட்டுக்குப் போ"ன்னாரு.

"அவரு போயிப் பாக்கலையா?"

மூஞ்சியப் பாக்கறவரு எதுக்கு அம்மிணி கரையப் பாக்கறாரு? அப்பறம் அவ ஊருப் பெரியதனக்காரர் ஊட்டுக்குப் போனா. ஊருக்கே அவருதான் தலைவரு, அவரு சொன்னா எல்லாரும் வருவாங்க. வாசல்ல நின்னு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா, கண்ணுல தண்ணி கொட்டுது. "கரைங்க, கரைங்க"ங்கறா. அவரு, "பண்டிதருகிட்டச் சொன்னயா?"ன்னாரு. சொன்னேனுங்கன்னா. "அவரு என்ன சொன்னாரு?" ஊட்டுக்குப் போகச் சொன்னாருங்கன்னா. "அப்பறம் என்ன, போ. அடுத்த எழவுக்கு வந்து சிரி"ன்னு கதவைச் சாத்திட்டாரு.

இனி அவ எங்க போவா? சென்னியப்பன் சந்தைக்குப் போயிருந்தான். ஊட்டுல இருக்கறது மாமியா ஒருத்தருதான். உலகத்துல அவ ரொம்பப் பயப்படற ஆளு அவங்கதான். அவங்க முன்னால போயி நின்னா சிரிப்பு எவ்வளவு வரும்னு நெனச்சுப் பாரு.

"ம்... நெறைய."

நல்லாயி உரல்ல ராகி இடிச்சுட்டிருந்தாங்க. தொம், தொம், தொம். இவ வந்து நின்னதும், "புல்லு எங்க? அருவா எங்க? எதுக்கு இளிச்சுட்டு வந்து நிக்கற?"ன்னு ஆரம்பிச்சாங்க. இவளால பேசவே முடியல. கெக்கெக்கே, கெக்கெக்கே. கையை மட்டும் ஏரிப் பக்கமா நீட்டினா.

நல்லாயி உலக்கைய நிறுத்தினாங்க. முட்டி வரைக்கும் அப்பியிருந்த செம்மண்ணைப் பாத்தாங்க. அப்பறம் அவ மூஞ்சியப் பாத்தாங்க. இத்தனை நாளும் அவங்க அவ வாயத்தான் பாத்திருக்காங்க அம்மிணி. கோவத்துல இருக்கறவங்களுக்குப் பல்லுதான் கண்ணுல படும். அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கண்ணைப் பாத்தாங்க. வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கல. அறுக்கப் போற ஆட்டுக்குட்டிக்கு இருக்குமே, அப்பிடி இருந்துச்சு அந்தக் கண்ணு.

"ஏம்புள்ள, உனக்குப் பயத்துலயா சிரிப்பு வருது?"ன்னாங்க.

தலைய ஆட்டினா.

"அன்னைக்கு எழவு ஊட்டுலயும் அதானா?"

ஆமான்னு ஆட்டினா.

நல்லாயி கிட்ட வந்தாங்க. அப்பறம், "நான் வையறப்பச் சிரிப்பயே, அது?"ன்னு கேட்டாங்க.

மயிலாத்தா தலையக் குனிஞ்சுட்டா.

பாரு அம்மிணி. ஒரே அடுப்புல ஆக்கி, ஒரே சட்டியில தின்னுட்டு, அந்தப் பொம்பளை அந்தப் புள்ளை பயந்துட்டு இருக்கறா, பயந்துட்டு இருக்கறான்னு தெரியாமயே இருந்திருக்கறாங்க. ஆனா அழறதுக்கு அப்ப நேரமில்ல. "கரையா?"ன்னாங்க. "கரைங்க அத்தை"ன்னா. உலக்கை அப்பிடியே கீழ விழுந்துச்சு, தொம்.

"ம்."

நல்லாயி தெருவுல எறங்கி, "கரை ஒடையுது, வாங்க, வாங்க"ன்னு கத்தினாங்க. ஒருத்தரும் வரல. ஏன் தெரியுமா? அவங்க மூஞ்சி என்னைக்குத்தான் அப்பிடி இல்ல? பண்டிதரு மண்டபத்துல இருந்தே, "நல்லாயி மூஞ்சில தெனமும்தான் கரை ஒடையுது"ன்னாரு. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. மருமக மூஞ்சி எப்பவும் சிரிப்பு, மாமியா மூஞ்சி எப்பவும் எழவு. ரெண்டையும் நம்பறதுக்கு ஆளில்ல. தண்ணிக்கு இது எதுவும் தெரியுமா, அது அதுபாட்டுக்குக் குபுகுபுன்னு வந்துட்டிருக்குது.

அப்போ நல்லாயி ஒரு காரியம் பண்ணினாங்க. நடுத்தெருவுல நின்னு கொண்டைய அவுத்தாங்க. முடிய விரிச்சு விட்டாங்க. மாருல அடிச்சுட்டு ஒப்பாரிய எடுத்தாங்க.

"ஆரு செத்தாங்க?"

ஆரும் சாகல. அதான் விசயமே. உசுரோட இருக்கறவங்களுக்கு ஒப்பாரி வெக்கவே கூடாது. பேரைச் சொல்லி அழுதா ஆயுசு அறுந்துரும்னு அந்தக் காலத்துல அவ்வளவு பயம். நல்லாயி ஒவ்வொரு வாசலாப் போயி ஊருல இருக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் வெச்சாங்க.

"பந்தியில முந்தியுண்ட பெரியதனக்காரரே – இன்னிக்குப்
பாயில்லாம பாடையில்லாம மெதந்து போறீங்களே..."

டபார்னு கதவு தொறந்துச்சு. பெரியதனக்காரர் கையில தடியோட வெளிய வந்தாரு. "அடி பாவி, எனக்கா வெக்கற"ன்னு கத்தினாரு. நல்லாயி நிக்கல. மண்டபத்துப் பக்கம் போனாங்க.

"ஊரு மூஞ்சி பாத்துச் சொன்ன பண்டிதரே – ஒங்க
உப்பிப்போன மூஞ்சிய ஆரு வந்து பாப்பாங்களோ..."

பண்டிதரு மண்டபத்துல இருந்து குதிச்சே வந்துட்டாரு. அவரு மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு பாக்கறதுக்குத்தான் ஆருக்கும் நேரமில்ல. பெத்த புள்ளைக பேரைக் கேட்ட தாய்மாருக வெளக்குமாத்தோட வந்தாங்க. ஒரு புதுமாப்பிள்ளை பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்தான். ஊரே அவங்களை அடிக்கறதுக்குத் தொரத்துது. தடதடதடன்னு சத்தம். நல்லாயி முடிய விரிச்சுட்டு, மாருல அடிச்சுட்டு, நேரா ஏரிக்கரைக்கே ஓடறாங்க. கூடவே மயிலாத்தா, சிரிச்சுட்டே ஓடறா. பாத்தவங்களுக்கு ரெண்டும் பைத்தியம்னுதான் தோணியிருக்கும்.

கரைக்குப் பொறத்தால போயி நல்லாயி நின்னாங்க. தொரத்திட்டு வந்தவங்களும் நின்னாங்க. அவங்களுக்கு முன்னால, தொடை தடிமனுக்கு ஓட்டை. செந்தண்ணி பீச்சிட்டு அடிக்குது.

"ஒடஞ்சுருச்சா?"

ஒடையல. இரு. பெரியதனக்காரர் தடியத் தூக்கிப் போட்டுட்டு, "மதகைத் தொறங்கடா, வைக்கோலைக் கொண்டாங்கடா"ன்னாரு. ஒருத்தன் மதகைத் தொறந்து ஏரித் தண்ணியக் கழனிப் பக்கம் விட்டான். ஒருத்தன் வைக்கப்போர்ல இருந்து பெரிய வைக்கச் சுருளா உருட்டியாந்தான். பொம்பளைக கூடை கூடையாக் களிமண்ணு கொட்டினாங்க. மூங்கிலை அடிச்சாங்க, டொக்கு டொக்குனு. ஒரு கை கொறையல. பண்டிதரும் வேட்டிய மடிச்சுக் கட்டி மண்ணு சொமந்தாரு, அதையும் சொல்லிரோணும். குபுகுபுங்கறது கொஞ்சங் கொஞ்சமா கொளகொளன்னு ஆச்சு. அப்பறம் சொட்டு, சொட்டு. அப்பறம் அதுவும் நின்னு போச்சு.

"ம்ம்."

எல்லாரும் சேத்தோட உக்காந்தாங்க. பெரியதனக்காரர் எந்திரிச்சு வந்து மயிலாத்தாகிட்ட, "நீ சொன்னப்ப நான் வந்து பாத்திருக்கோணும் தாயி. உம்மூஞ்சியப் பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டேன். தப்பு எம்பேர்லதான்"னாரு. பண்டிதரு சேத்துக் கையைத் தொடைக்கறதுக்கு எடம் தேடிட்டிருந்தாரு.

"அப்பறம்?"

அப்பறம் மாமியாளும் மருமகளும் ஊட்டுக்கு வந்தாங்க. மறுபடியும் மழை தூற ஆரம்பிச்சிருச்சு. ஊட்டுக்குள்ள வந்ததும் நல்லாயிக்கு என்ன பேசறதுன்னே தெரியல. நல்லதாப் பேச அவங்க எங்க பழகியிருக்காங்க? வாயைத் தொறந்தா வழக்கப்படி அதேதான் வந்துச்சு. "ஈரச்சீலையோட நிக்கறயே, அறிவிருக்குதா உனக்கு? காய்ச்சல் வந்து படுத்தா ஆரு பாக்கறது? தலையத் தொவட்டு. அந்தத் துண்டு இல்ல, அது மாடு தொடைக்கறது. கண்ணு எங்க இருக்குது உனக்கு..."

சொல்லிட்டே வந்தவங்க பாதியில நிறுத்திட்டாங்க. ஐயோ, மறுபடியும் வஞ்சுட்டமேன்னு ஆயிருச்சு. இப்ப அந்தப் புள்ளை சிரிக்கப் போறான்னு, மெதுவா நிமிந்து அவ மூஞ்சியப் பாத்தாங்க. வாய் சும்மா இருந்துச்சு. கண்ணு ரெண்டும் நேரா அவங்களையே பாத்துட்டிருந்துச்சு.

"ஏம்புள்ள, சிரிப்பு வரலையா?"ன்னாங்க.

"வரலீங்க அத்தை. இப்பப் பயமா இல்லீங்க"ன்னா.

நல்லாயி வேற துண்டை எடுத்துட்டு வந்து, அவளை உக்கார வெச்சு, அவங்களே தலையத் தொவட்டி விட்டாங்க.

என்ன, 'ம்' காணோம்? சரி. கதை கரை சேந்துருச்சு அம்மிணி, ஊரும் தூங்கிருச்சு. நீயும் தூங்கு.